ஜிக் ஹெட் எத்தனை கிராம், எந்த வடிவம், எந்த முள்?

கேள்வி இது: 7–21 கிராம் எடை வரை வீசலாம் என்று எழுதிய ஸ்பின்னிங் ராடு (தூண்டில் கோல்) இருக்கிறது. 3 இன்ச், 4 இன்ச் சாஃப்ட் பிளாஸ்டிக் லூர்கள் (மென்மையான போலி இரை) இருக்கின்றன. கரையில் நின்று 2 முதல் 5 மீட்டர் ஆழத்தில் வீச வேண்டும். 5, 7, 10, 14, 21 கிராம் என்று வரிசையாகத் தொங்கும் ஜிக் ஹெட்டுகளில் (தூண்டில் முள்ளோடு சேர்த்து வார்த்த ஈயத் தலை) எதை எடுப்பது, முள் எந்த நம்பர்?

10 கிராம், 3/0 முள் என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். பாதி நாள் அதுவே போதும். மீதி நாளுக்காகத்தான் இந்த நீளமான பதில்.

ஜிக் ஹெட்டின் எடை மூன்று வேலை செய்கிறது. வீசும்போது தூரம் கொடுக்கிறது, தண்ணீருக்குள் லூரை இறக்குகிறது, தரை தட்டியதைக் கைக்குச் சொல்கிறது. வாங்கும்போது பலரும் தூரத்தை மட்டும் நினைத்துக் கனமாக எடுத்துவிடுகிறார்கள். ஆனால் தரையை ஒட்டி ஜிக் அடிக்கும்போது (லூரைத் தூக்கித் தூக்கி இறக்கும்போது) பெரும்பாலான கடி லூர் இறங்கும்போது வருகிறது. ராடைத் தூக்கி விட்டபின் லூர் மறுபடி தரைக்குப் போய்ச் சேர எடுக்கும் இரண்டு மூன்று வினாடி மீனுக்கு நாம் கொடுக்கும் அவகாசம். கனம் கூடக்கூட அது சுருங்கும். ரொம்பவும் லேசாகப் போட்டால் லூர் தரையில் இருக்கிறதா, நடுநீரில் மிதக்கிறதா என்றே தெரியாது. தரை தட்டுவது கைக்குத் தெரிய வேண்டும். அப்படித் தெரிகிற எடைகளிலேயே ஆகக் குறைந்ததை எடுக்க வேண்டும். தேர்வு இங்கிருந்துதான் தொடங்குகிறது.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. தண்ணீரின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் கூடுகிறது. அதனால் இறங்கும் வேகம் எடையோடு நேராகக் கூடாது, எடையின் வர்க்கமூலத்தோடுதான் கூடும். 7 கிராமிலிருந்து 14 கிராமுக்குப் போனால் வேகம் இரண்டு மடங்கு ஆகாது, ஏறக்குறைய 1.4 மடங்குதான். இரண்டு மடங்கு வேண்டுமென்றால் நான்கு மடங்கு எடை, அதாவது 28 கிராம் வேண்டும். கடையில் 5, 7, 10, 14, 21 என்று எடைகள் தாவித் தாவி இருப்பதைக் கவனியுங்கள்; ஒவ்வொரு படியும் முந்தையதைவிடச் சுமார் 1.4 மடங்கு. ஒரு படி ஏறினால் இறங்கும் வேகம் 20 சதவீதம் போலக் கூடும். 10 கிராமும் 12 கிராமும் இரண்டுமே பெட்டியில் இருக்க வேண்டிய அவசியமில்லை. அந்த வித்தியாசம் மீனுக்கும் தெரியாது, உங்கள் கைக்கும் தெரியாது. அவுன்ஸில் எழுதியிருந்தால்: 1/8 என்பது 3.5 கிராம், 1/4 என்பது 7, 3/8 என்பது 10.6, 1/2 என்பது 14, 3/4 என்பது 21, ஒரு அவுன்ஸ் 28.

பிளாஸ்டிக்கின் எடையை எப்படிக் கணக்கில் எடுப்பது என்பதில் குழப்பம் அதிகம். வீசும்போது அது முழுதாகச் சேரும். 4 இன்ச் பேடில் டெயில் (துடுப்பு போன்ற வால் கொண்ட லூர்) ஒன்று 8 முதல் 10 கிராம் வரை இருக்கலாம். 10 கிராம் ஹெட்டோடு சேர்ந்தால் 18–20 கிராம். 21 கிராம் வரை என்று எழுதிய ராடில் அது மேல் எல்லையை ஒட்டிவிட்டது. 14 கிராம் ஹெட்டோடு அதே பிளாஸ்டிக் 22–24 கிராம்; வேகமாகச் சொடுக்கி வீசினால் நுனிக்கு ஆபத்து. தண்ணீருக்குள் கதை வேறு. சாதாரண சாஃப்ட் பிளாஸ்டிக்கின் அடர்த்தி தண்ணீருக்கு மிக அருகில் இருப்பதால், அந்த 8 கிராம் லூரை இறக்குவதற்கு ஏறக்குறைய ஒன்றுமே செய்யாது. பரப்பால் எதிர்ப்பைத்தான் கூட்டும். விதிவிலக்கு இரண்டு. உப்பு கலந்த ஸ்டிக் (குச்சி வடிவ) வகைகள் தாமாகவே மூழ்கும். இழுத்தால் பல மடங்கு நீளும், ரப்பர் போன்ற டி.பி.இ வகையில் பெரும்பாலானவை மிதக்கும். மிதப்பவற்றுக்கு வழக்கத்தைவிட ஒரு படி கூட்டிப் போட வேண்டியிருக்கும்.

வாலின் வடிவமும் எடையை மாற்றும். அகலமான பேடில் டெயிலும் நீண்ட கர்ல் டெயிலும் (சுருள் வால்) தண்ணீரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கும். ஒல்லியான நேர் வால் கல்லைப் போலப் போகும். 7 கிராமில் நேர் வால் ஓட்டிய இடத்தில் பேடில் டெயில் மாட்டினால் பெரும்பாலும் 10 கிராம் தேவைப்படும். இன்னொன்று, லேசு என்றால் எப்போதும் நல்லது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பேடில் டெயில் இறங்கும்போதும் வால் அடிக்க ஒரு குறைந்தபட்ச வேகம் வேண்டும். அதற்கும் கீழே போனால் வால் அசையாமல் உடல் மட்டும் சருகு போல இறங்கும். கால் அருகே தெளிந்த தண்ணீரில் விட்டுப் பாருங்கள். இறங்கும்போது வால் ஆடவில்லை என்றால் ஒரு படி ஏற்றுங்கள்.

தொடக்கத்துக்கு, நீரோட்டமும் பெரிய காற்றும் இல்லாத இடத்தில், 3–4 இன்ச் லூருக்கு: 2 மீட்டருக்குள் 3.5 முதல் 5 கிராம், 2–4 மீட்டருக்கு 7 முதல் 10, 4–6 மீட்டருக்கு 10 முதல் 14. இதற்கு மேல் ஆழமும் ஓட்டமும் சேர்ந்தால் 21, 28 என்று போகும். அதற்கு ராடும் மாற வேண்டும். இந்த எண்கள் முதல் வீச்சுக்கு மட்டும். இரண்டாவது வீச்சிலிருந்து தண்ணீர் சொல்வதைக் கேட்க வேண்டும்.

அதைக் கேட்கும் முறை இப்படி. வீசியதும், லூர் நீரில் விழுந்த நொடியிலிருந்து வினாடி எண்ணுங்கள். தூண்டில் நரம்பு லேசாக விறைப்பாக இருக்கட்டும். முழுதாகத் தொய்ய விட்டால் ஒன்றும் தெரியாது, இழுத்துப் பிடித்தால் லூர் கரைப் பக்கம் ஊஞ்சல் போல வந்துவிடும். தரையைத் தொட்டதும் நரம்பு திடீரென்று தளரும், அல்லது ராடு நுனி நிமிரும். ஒரே இடத்தில் மூன்று முறை வீசி மூன்று முறையும் ஏறக்குறைய அதே எண் வர வேண்டும். ஒன்றில் 5, அடுத்ததில் 9 என்று வந்தால் தரை தட்டுவதை நீங்கள் உணரவில்லை, ஊகிக்கிறீர்கள். பிறகு ராடைக் கிடைமட்டத்துக்கு 30 டிகிரி மேலே வைத்து, 60 டிகிரி வரை தூக்கி, நரம்பைத் தொய்ய விடாமல் இறக்கி, மறுபடி எண்ணுங்கள். இரண்டிலிருந்து நான்கு வினாடிக்குள் தட்டினால் எடை சரி. தூக்கிய கை இறங்குவதற்குள்ளேயே தட்டினால் கனம் அதிகம். ஐந்தாறு வினாடி ஆகியும் தெரியவில்லை என்றால் லேசு.

எண்ணும்போது வழக்கமான எண் வருவதற்கு முன்பே நரம்பு தளர்ந்தால் அது தரை இல்லை. மீன் வாயில் வாங்கி மேலே வருகிறது. உடனே சுருட்டி, ராடைச் சொடுக்கி முள்ளை ஏற்றி அடிக்க வேண்டும். எண்ணும் பழக்கம் இல்லாதவர்கள் தவறவிடும் கடிகளில் கணிசமானவை இந்த வகை.

நீரோட்டம் வந்தால் எடையை மாற்றுவதற்கு முன் நரம்பைப் பாருங்கள். தண்ணீர் லூரைத் தள்ளுவதோடு, வெளியே கிடக்கும் 30–40 மீட்டர் நரம்பு முழுவதையும் தள்ளி வில்லாக வளைக்கிறது. பின்னல் நரம்பான பிரெய்டில் பி.இ என்பது தடிமன் எண்: பி.இ 2-இன் விட்டம் சுமார் 0.235 மில்லிமீட்டர், பி.இ 1 சுமார் 0.165. மெல்லியதற்கு மாறினால் நரம்பின் மேல் விழும் தள்ளுதல் மூன்றில் ஒரு பங்கு போலக் குறையும். பெரும்பாலும் ஒரு படி எடையை மிச்சப்படுத்தலாம். நேர் குறுக்காக வீசாமல் ஓட்டத்துக்கு எதிர்ப்பக்கம் சாய்த்து வீசினால் லூர் இறங்கி முடிக்க நேரம் கிடைக்கும். கழிமுகத்தில் ஏற்றமும் வற்றமும் வேகமெடுக்கும்போது 14 கிராம் கேட்கும் அதே இடம், தண்ணீர் நிற்கும் அரைமணி நேரத்தில் 7 கிராமுக்கு இறங்கிவிடும். அந்த நேரத்தில் ஹெட்டை மாற்றாமல் இருப்பது பெரிய சோம்பல். காற்று என்றால் முதலில் ராடு நுனியைத் தண்ணீரை ஒட்டித் தாழ்த்துங்கள். அதற்கும் அடங்காவிட்டால் எடை. படகிலிருந்து நேர் கீழே இறக்குபவர்கள் நரம்பு நிற்கும் கோணத்தைப் பார்த்தால் போதும்: 45 டிகிரிக்கு மேல் சாய்ந்து போனால் ஒரு படி ஏற்ற வேண்டும்.

மீனின் நிலையும் உண்டு. குளிர்ந்த தண்ணீர், கலங்கிய தண்ணீர், சோர்ந்த மீன் என்றால் மெதுவாக இறங்குவது எடுபடும். சூடான தண்ணீரில் இரையைத் துரத்திக்கொண்டிருக்கும் மீனுக்கு வேகமாக விழுவதே கண்ணில் படும். அப்போது மட்டும் வேண்டுமென்றே ஒரு படி கனமாகப் போடலாம்.

இனி தலை வடிவம். அட்டைகளில் பத்துப் பதினைந்து பெயர் இருந்தாலும் பார்க்க வேண்டியது இரண்டு: நரம்பு கட்டும் கண் எங்கே இருக்கிறது, தலையின் அடிப்பக்கம் எப்படி இருக்கிறது.

கண் தலையின் உச்சியில் தண்டுக்குச் செங்குத்தாக இருந்தால், தூக்கும்போது லூர் ஏறக்குறைய படுத்த நிலையில் மேலே துள்ளும். தரையில் துள்ளவைத்து ஓட்டவும் நேர் கீழே இறக்கி அடிக்கவும் இது நல்லது. உருண்டைத் தலை ஹெட்டுகள் பெரும்பாலும் இந்த வகை. குறை என்னவென்றால் பாசி அந்தக் கண்ணிலும் முடிச்சிலும் வந்து சுற்றிக்கொள்ளும். கண் மூக்கு நுனிக்கு நகர நகர, பாசியும் கோரையும் வழுக்கிப் போகும். தோட்டா வடிவ ஹெட் இதற்காகவே செய்யப்பட்டது. கண் இடைப்பட்ட 60 டிகிரியில் இருக்கும், மீன் முகம் போன்ற தலையும் கனமான அடிப்பக்கமும் கொண்டவை, பேடில் டெயிலை நடுநீரில் நேராகச் சுருட்டுவதற்கு. உருண்டைத் தலையில் அதே வேலையை வேகமாகச் செய்தால் லூர் பக்கவாட்டில் சாயும், சில சமயம் சுழலவே தொடங்கும். டார்ட்டர் எனும் பட்டைக் கூர்முனைத் தலை, சொடுக்கும்போது இடமும் வலமும் பாயும். அதற்கு நேர் வால் பிளாஸ்டிக் போடுங்கள். பேடில் டெயில் போட்டால் வால் அந்தப் பாய்ச்சலைத் தடுத்துவிடும்.

ஃபுட்பால் தலை குறுக்கே அகலமானது. சரளைக் கல் தரையில் இழுத்துக்கொண்டு வரும்போது உருண்டைத் தலை இறங்கிச் சிக்கும் இடுக்குக்குள் இது சுலபமாக நுழையாது. கல்லில் ஏறி இறங்கும்போது லூரை முன்னும் பின்னும் ஆட்டும். சேற்றுத் தரையில் இதற்கு வேலை இல்லை. காளான் தலையின் பின்பக்கம் தட்டையாக இருப்பதால் குட்டையான ஸ்டிக் பிளாஸ்டிக்கோடு ஒட்டி உட்காரும். மிதக்கும் வகைப் பிளாஸ்டிக்கோடு 2–5 கிராமில் போட்டால் தரையில் வால் மேலே தூக்கி நிற்கும். மிதக்காத பிளாஸ்டிக்கைப் போட்டுவிட்டு அது நிற்கவில்லை என்று ஹெட்டைக் குறை சொல்வதில் பயனில்லை.

அடர்ந்த தாவரத்தில், தாமரை இலைக்கு நடுவே விராலுக்கு வீசும் இடங்களில், வெளியே தெரியும் முள்ளே ஆகாது. அங்கே வயிற்றில் 3–5 கிராம் ஈயம் பதித்த அகல வாய் முள். முனை பிளாஸ்டிக்கின் முதுகுக்குள் புதைந்திருக்க வேண்டும். எடை நடுவில் இருப்பதால் லூர் மூக்குக் குத்தாமல் படுத்தபடியே இறங்கும்.

செபுராஷ்கா என்பது தனி ஈயக் குண்டு. கம்பியைக் கழற்றி முள்ளை அதில் கோத்துக்கொள்ளலாம். கீல் போல ஆடும் இணைப்பு. பிளாஸ்டிக்கை முள்ளிலிருந்து எடுக்காமலேயே எடையை மட்டும் மாற்றலாம் என்பது ஓட்டம் மாறிக்கொண்டே இருக்கும் இடத்தில் பெரிய வசதி. கொடுவா போலத் தலையை உதறும் மீன், ஒட்டியிருக்கும் ஈயத்தை நெம்பிக்கொண்டு முள்ளைக் கழற்றிவிடும் வாய்ப்பும் இதில் குறைவு. வெறும் முள்ளையே கோத்துக்கொள்வதால் நம்பரும் கனமும் உங்கள் விருப்பம்.

முள்ளின் நம்பரில் ஆரம்பக்காரர்கள் தடுமாறுவது இயல்பு. 1, 2, 4, 6 என்ற வரிசையில் எண் ஏற ஏற முள் சிறியது. 1/0, 2/0, 3/0 என்ற வரிசையில் எண் ஏற ஏறப் பெரியது. 2.5 இன்ச் லூருக்கு 1 அல்லது 1/0, 3 இன்ச்சுக்கு 1/0 அல்லது 2/0, 4 இன்ச்சுக்கு 3/0 அல்லது 4/0, 5 இன்ச்சுக்கு 5/0. ஆனால் ஒரு கம்பெனியின் 3/0 இன்னொன்றின் 2/0 அளவில் இருப்பதுண்டு. அதனால் எண்ணைவிடப் பிளாஸ்டிக்கைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே நம்பகமானது. ஹெட்டின் பின்விளிம்பில் பிளாஸ்டிக்கின் மூக்கை வைத்தால், முள் வளைவு உடலின் மூன்றில் ஒரு பங்குக்கும் பாதிக்கும் இடையே வர வேண்டும். அதைத் தாண்டினால் வால் ஆட வேண்டிய பகுதி கம்பியால் விறைத்துவிடும். முன்னாலேயே நின்றால் மீன் வாலை மட்டும் கடித்துக்கொண்டு போகும். முள் வாயின் (முனைக்கும் தண்டுக்கும் இடைப்பட்ட வெளியின்) அகலத்தையும் பாருங்கள்: பிளாஸ்டிக்கின் பருமன் முள் வாயில் பாதிக்கு மேல் அடைக்கக் கூடாது. அடைத்தால் அடிக்கும்போது முனை மீனின் தாடையைத் தொடவே இடம் இருக்காது. கடி நன்றாக வந்தும் ஒன்றும் மாட்டாமல் திரும்பினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதை.

முள் கம்பியின் கனம் ராடோடும் டிராகோடும் (ரீலின் பிரேக்) சேர்ந்து முடிவாக வேண்டும். மெல்லிய கம்பி சின்ன அடிக்கே உள்ளே இறங்கும். 7–21 கிராம் ராடுக்கு அதுவே பொருத்தம். ஆனால் டிராகை இறுக்கிவைத்துப் பெரிய மீனைக் கட்டை, பாறையிலிருந்து திருப்ப முயன்றால் நிமிர்ந்துவிடும். களவா இருக்கும் பாறைக்குக் கனமான கம்பி வேண்டும். அதைக் குத்த விறைப்பான ராடும் வேண்டும். மெல்லிய ராடில் கனமான முள் போட்டால், பார்ப் (முனைக்குப் பின்னுள்ள எதிர்க்கொக்கி) உள்ளே இறங்காமல் முனை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கும். மீன் கரைக்குப் பக்கத்தில் வந்து கழன்றுகொள்ளும். முனை கூராக இருக்கிறதா என்று பார்க்க கட்டைவிரல் நகத்தில் லேசாக இழுங்கள். வழுக்கினால் மழுங்கிவிட்டது, கொத்திக்கொண்டு நின்றால் சரி.

சரியான ஹெட்டை எடுத்தும் லூர் ஓடாமல் போவதற்குப் பெரும்பாலும் கோத்த விதமே காரணம். முனை வெளியே வர வேண்டிய இடத்தைப் பிளாஸ்டிக்கின் முதுகில் நகத்தால் அடையாளம் செய்யுங்கள். மூக்கின் நட்டநடுவில் குத்தி, முள்ளைத் தள்ளுவதைவிடப் பிளாஸ்டிக்கை முள்ளின் மேல் ஏற்றிக்கொண்டே வாருங்கள். அச்சுக் கோடு இருந்தால் அதன் மேலேயே முனை வரட்டும். அடையாளத்துக்கு முன்பே வெளியே எடுத்தால் உடல் இழுபடும்; தாண்டி எடுத்தால் நடுவில் கூன் விழும். ஒரு மில்லிமீட்டர் பக்கம் தள்ளினாலும் லூர் சுழலும், நரம்பு முறுக்கும். கோணலாக இருந்தால் கழற்றி மறுபடி கோத்துவிடுங்கள். ஓட்டை பெரிதாகி நழுவினால் கழுத்தில் ஒரு சொட்டு சூப்பர் குளூ. முடிச்சையும் கவனிக்க வேண்டும்: உச்சிக் கண் ஹெட்டில் முடிச்சு முன்பக்கம் சரிந்துவிட்டால் லூர் மூக்கு தூக்கி நிற்கும். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் விரலால் மேலே தள்ளிவிடுங்கள்.

ஈயமா டங்ஸ்டனா என்று கேட்டால், ஆழம் குறைந்த இடத்தில் ஈயமே போதும். ஈயத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 11.3 கிராம், ஹெட்டுக்குப் பயன்படும் டங்ஸ்டன் கலவை 17–18 பக்கம். 10 கிராம் ஈய உருண்டை 12 மில்லிமீட்டர் விட்டம் என்றால் டங்ஸ்டனில் 10 மில்லிமீட்டர்தான். சிறியதாக இருப்பதால் கொஞ்சம் வேகமாக இறங்கும். கடினமாக இருப்பதால் கல், சிப்பி, சேறு என்ற வித்தியாசம் கைக்குத் தெளிவாக வரும். கல் தரையில் தலைகளை இழந்துகொண்டே இருக்கும் இடத்தில் அந்த விலை வீண். ஈயத்தைத் தொட்ட கையோடு சாப்பிடாதீர்கள், பல்லால் கடிக்காதீர்கள்.

மாட்டிக்கொண்டால் ராடால் இழுக்க வேண்டாம். நரம்பைக் கொஞ்சம் தொய்யவிட்டு நுனியைச் சிறிதாக உதறுங்கள்; ஈயத்தின் எடையே பல நேரம் பின்னோக்கி விழுந்து விடுவித்துவிடும். இல்லையென்றால் நடந்து எதிர்ப்பக்கம் போய் இழுங்கள். கடைசி வழி: ராடை நரம்பின் நேர்க்கோட்டில் நீட்டி, துணியிலோ கட்டையிலோ நரம்பைச் சுற்றி மெதுவாக இழுப்பது. முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள், திடீரென்று விடுபடும் ஈயம் கண்ணுக்கு நேராகவே வரும். மெல்லிய முள் நிமிர்ந்து திரும்பி வந்தால் பிளையரால் ஒருமுறை வளைத்து ஓட்டலாம், இரண்டாம் முறை வேண்டாம்.

அட்டையில் எழுதிய எடையை அப்படியே நம்பாமல் சின்ன டிஜிட்டல் தராசில் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். 10 என்று எழுதியது 8.5 ஆகவும் 11.5 ஆகவும் வரலாம். கண்ணில் பெயின்ட் அடைத்திருந்தால் வீட்டிலேயே பழைய முள்ளால் குத்தி எடுத்துவிடுங்கள். உப்புத் தண்ணீரில் நனைந்த ஒரு ஹெட்டை ஈரத்தோடு பெட்டியில் போட்டால் பக்கத்தில் இருப்பவையும் சேர்ந்து துருப்பிடிக்கும்.

கேட்ட ராடுக்கும் ஆழத்துக்கும் வாங்குவதென்றால்: 3 இன்ச்சுக்கு 2/0 முள்ளில் 5, 7, 10 கிராம், 4 இன்ச்சுக்கு 4/0 முள்ளில் 7, 10 கிராம், ஓட்டம் வரும் நேரத்துக்கு 2/0 முள்ளில் 14 கிராம், 3 இன்ச் லூரோடு மட்டும். ஒவ்வொன்றிலும் நான்கைந்து. முதலில் உருண்டைத் தலை. நேராகச் சுருட்ட 7, 10 கிராமில் மீன் முகத் தலை சில. பாசி இருந்தால் வயிற்று எடை வைத்த முள் மூன்று. 21 கிராம் இந்த ராடுக்கு வேண்டாம்.